இலங்கை போக எந்த டிராவல் புக் தேறும்? – கேள்வி பதில்

மண்ணடியில டிக்கெட், ரூம் போட்டுக் குடுக்கிற வேலை எனக்கு, இலங்கைதான் என் ஏரியா. கையில ஒரு கைடு புக்கோட வந்து "இது நல்லதாக்கா"ன்னு கேக்குறவங்க நிறைய பேரு, அதனால இன்னிக்கு புக்கைப் பத்தி மட்டும் பேசலாம். விசா ரூல் அடிக்கடி மாறுது, அதை அரசாங்க சைட்லயே பாத்துக்கங்க.

பழைய வண்ணாரப்பேட்டை: அக்கா, டிசம்பர் லீவுல திருகோணமலை பீச் போலாம்னு இருக்கோம். புக்குல டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் நல்ல சீசன்னு போட்டிருக்கு. 2024 புக்குதான். நம்பலாமா?

நம்பாதம்மா. அந்த டிசம்பர்–மார்ச் கணக்கு தெற்கு, மேற்குக் கடற்கரைக்கு, அதாவது காலி (Galle), மிரிஸ்ஸ மாதிரி ஊருங்களுக்கு. குளிருக்குப் பயந்து வர்ற ஐரோப்பாக்காரங்களுக்கு அது தோதான நேரம், அவங்களுக்காக எழுதுறவங்க அதையே மொத்த நாட்டுக்கும் சீசன்னு எழுதிடுறாங்க. அந்தத் தீவுக்கு ரெண்டு மழைக்காலம். மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்கு மழை, அது கொழும்பு, காலி, மலைநாட்டோட மேற்குப் பக்கம் எல்லாத்தையும் நனைக்கும். ஐப்பசி கார்த்திகையில நமக்குக் கொட்டுற அதே வடகிழக்கு மழைதான் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்புக்கும். நம்ம காசிமேட்டு போட்டெல்லாம் புயல் எச்சரிக்கைன்னு கரையில கட்டிக் கிடக்கிற நாள்ல அந்தப் பக்கம் கடல் மட்டும் எப்படி அமைதியா இருக்கும்? 2025 நவம்பர் கடைசியில வந்த டிட்வா புயலையே எடுத்துக்கங்க, அங்க கண்டி, பதுளைன்னு மண்சரிவுல அத்தனை உசுரை வாங்கிட்டு அதுக்கப்புறம்தான் நம்ம எண்ணூர் வரைக்கும் மழையைக் கொண்டாந்துச்சு.

திருகோணமலைக்கு மே–செப்டம்பர் போங்க. டிசம்பர்தான் லீவுன்னா காலி பக்கம் போங்க. அப்புறம், எந்த புக்கா இருந்தாலும் முதல்ல மழை பக்கத்தைத் திறங்க. கொழும்புக்கு ஒரு மழை அட்டவணை, திருகோணமலைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ தனியா ஒண்ணு இருந்தா எழுதுனவருக்கு ஊரு தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம். மொத்த நாட்டுக்கும் ஒரே அட்டவணைன்னா அங்கயே மூடி வச்சிடுங்க.

பெரம்பூர்: அல்லிக்குளத்துல பழைய புக் ஒண்ணு சல்லிசா கிடைச்சுது, 2005 பதிப்பு. கோயிலும் மலையும் எங்கயும் ஓடிடப் போறதில்லையேம்மா, இது போதாதா?

பாதி போதும் சார். பொலன்னறுவை கல் விகாரையில 12ஆம் நூற்றாண்டுல செதுக்குன புத்தர் அப்படியேதான் இருக்காரு, சிகிரியா பாறைக் கோட்டையும் அதே இடத்துலதான் இருக்கு. அந்தப் பக்கங்களை ஆசையா படிங்க, பழைய புக்குல வரலாறு நிறுத்தி நிதானமா இருக்கும். ஆனா 2005ல யாழ்ப்பாணத்துக்கு ரயிலே கிடையாது. 1990ல நின்னது 2014 அக்டோபர்லதான் திரும்ப ஓடுச்சு. சண்டை முடிஞ்சதே 2009ல. வடக்கைப் பத்தி உங்க புக் சொல்றது எதுவுமே இன்னிக்கு உதவாது.

கொருக்குப்பேட்டை: என்கிட்ட இருக்கிற புக்குல மலேரியா மாத்திரை போட்டுக்கிட்டுப் போகச் சொல்லுது, போடணுமா?

அது பழைய புக். 2016 செப்டம்பர்ல உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா இல்லாத நாடுன்னு அறிவிச்சிடுச்சு. அங்க இருக்கிறது டெங்கு, அந்தக் கொசு பகல்ல கடிக்கும், நைட்டுக்கு வலை கட்டினா மட்டும் பத்தாது. முழுக்கை சட்டையும் கொசு கிரீமும் எடுத்துக்கங்க. வருஷம் பாக்காம புக் வாங்காதீங்க, இதை இன்னிக்கு திரும்பத் திரும்ப சொல்லுவேன்.

பெரம்பூர்: மாத்திரை போட்டா போகட்டுமே, கெட்டதா ஆகிடப் போகுது?

ஆகும் சார். மலேரியா மாத்திரை சில பேருக்குத் தலைசுத்தல், வாந்தி, கெட்ட கனவுன்னு படுத்தி எடுக்கும், டாக்டர் சொல்லாம யாரும் தொடக்கூடாது. அதைவிட, மாத்திரை போட்டாச்சுன்னு தைரியத்துல டெங்கு கொசுவை விட்டுடுவீங்க, எனக்கு அதுதான் பயம்.

ராயபுரம்: யூடியூப் இருக்க சொல்ல புக்கு இன்னாத்துக்கு?

வீடியோ போட்டவர் போன நாள்ல வெயில் அடிச்சிருக்கும். வருஷம் பூரா எப்படி இருக்கும்னு நல்ல புக்தான் சொல்லும். ரெண்டையும் பாருங்க.

பெரம்பூர்: ராயபுரம் தம்பி சொல்றதும் தப்பு, நீங்க சொல்றதும் தப்பு. விலை, ரயில் டைமெல்லாம் போன்ல பாத்துக்கலாம். புக்குன்னா ஊரோட கதை தெரியணும், அதுக்கு 2005 என்ன, 1975 புக்கே போதும்.

சார், கதைக்குன்னா சரி, நானும் அதைத்தான் சொன்னேன். ஆனா யாழ்ப்பாணம் நூலகம் 1981ல எரிஞ்சுது, ஏறக்குறைய 97,000 நூல் போச்சு. உங்க 1975 புக்குல அது எப்படி வரும்? அந்த வெள்ளைக் கட்டடம் முன்னாடி நிக்கிறப்போ அது தெரியாம நின்னீங்கன்னா ஊரோட கதை தெரிஞ்சதா ஆகுமா? கதையும் வளர்ந்துக்கிட்டேதான் சார் இருக்கு.

பெரம்பூர்: அந்த நூலக விஷயத்தை ஒத்துக்கறேன். கல்வெட்டு, சிலைக்கு பழைய புக்குதான்.

அதுல நமக்குள்ள சண்டையே இல்ல சார்.

திருவொற்றியூர்: அம்மாவை நல்லூர் கந்தசாமி கோயில், நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் கூட்டிட்டுப் போகணும். இங்கிலீஷ் புக்குல யாழ்ப்பாணத்துக்கு ரெண்டு மூணு பக்கம்தான் இருக்கு. வேற புக் வாங்கவா?

வாங்கலாம், ஆனா பக்கத்தை எண்ணாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. நல்லூர்ல ஆம்பளைங்க சட்டையைக் கழட்டிட்டுதான் உள்ள போகணும், அது எழுதியிருக்கா? திருவிழா 25 நாள், ஆடி ஆவணியில வரும், அப்ப ஊர்ல ரூம் கிடைக்கிறது கஷ்டம், அது இருக்கா? நயினாதீவுக்கு குறிகாட்டுவான்ல இருந்து போட்டு, அது இருக்கா? இந்த மூணும் இருந்தா ரெண்டு பக்கமே போதும். வெறும் "வெயில் அதிகம், பாக்க பெருசா ஒண்ணுமில்ல"ன்னு எழுதியிருந்தா அது நமக்கான புக் இல்ல. இன்னொண்ணு, சிகிரியா, பொலன்னறுவை மாதிரி இடங்கள்ல சார்க் நாட்டு (தெற்காசிய நாடுங்க, நம்ம இந்தியாவும் அதுல ஒண்ணு) பாஸ்போர்ட் இருந்தா டிக்கெட் விலை கம்மி. வெள்ளைக்காரங்களுக்கு எழுதுன புக்குல இதைத் தேடித்தான் பிடிக்கணும். பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கங்க.

வியாசர்பாடி: 2018 புக் பாதி விலைக்கு வருது, வாங்கலாமா?

வருஷம், வருஷம். 2022ல அங்க பொருளாதாரம் விழுந்தப்போ ஒரு டாலர் 200 இலங்கை ரூபாயில இருந்து சில மாசத்துல 360 வரைக்கும் போச்சு. அதுக்கு முந்தின புக்குல இருக்கிற விலை எதையும் வச்சு பட்ஜெட் போடாதீங்க.

எண்ணூர்: லைப்ரரியில 2016 புக் இருக்கு, எடுக்கலாமா அக்கா?

மேல வியாசர்பாடிக்கு சொன்னதேதான். ஓசின்னா படிச்சுட்டுக் குடுத்துடுங்க.

தண்டையார்பேட்டை: என் புக்குல 2023ன்னு இருக்கு, ஆனா விலையெல்லாம் ரொம்பக் கம்மியா இருக்கே?

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இருக்கிறதை வெளிச்சத்துல வச்சுப் படிங்க. "மறு அச்சு 2023"ன்னு இருந்தா பழசையே திரும்ப அடிச்சிருக்காங்க. புதுசா திருத்தினா பதிப்பு எண் மாறும். அட்டையைப் பாத்து ஏமாறாதீங்க.

மாதவரம்: மாலத்தீவுக்கு எந்த புக் நல்லது?

அது என் ஏரியா இல்ல. அங்க போயிட்டு வந்தவங்களைக் கேளுங்க.

கொடுங்கையூர்: கண்டியில இருந்து எல்ல (Ella)ங்கிற மலை ஊரு 140 கிலோமீட்டர்தான்னு புக்குல இருக்கு. காலையில கிளம்பி அந்த ஊரைப் பாத்துட்டு சாயந்திரம் கண்டி திரும்பிடலாமா?

முடியாதுங்க. மலை ரயில்ல ஒரு வழிக்கே ஆறு ஏழு மணி நேரம் ஆகும், கார்லயும் வளைவு வளைவா நாலு மணி நேரத்துக்குக் குறையாது. கிலோமீட்டர் மட்டும் போட்டு நேரம் போடாத புக்கை வச்சு பிளான் பண்ணாதீங்க. டிட்வா புயல்ல அந்த ரயில் பாதை பல இடத்துல சேதமாச்சு, அதனால 2025க்கு முந்தின புக்குல இருக்கிற ரயில் டைமை விட்டுட்டு, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி எது எது வரைக்கும் ஓடுதுன்னு கேட்டுக்கங்க. எல்லயில ஒரு ராத்திரி தங்குங்க.