கோடையில் மாடு ஏற்றும்போது: வாசகர் கேள்வி, வல்லுநர் பதில்

கேள்வி: நான்கு கறவை மாடுகளை லாரியில் ஐந்து மணி நேரத் தூரம் கொண்டுபோக வேண்டும். வெயில் தாழ்ந்ததும் மாலையில் கிளம்பலாமா?

பதில்: மாலை வேண்டாம். வெயில் தாழ்ந்தாலும் மாட்டின் உடம்புச் சூடு உடனே தணியாது. வெக்கை உச்சத்தைத் தொட்டு ஏறக்குறைய 2 மணி நேரம் கழித்துத்தான் உடல் வெப்பம் உச்சத்துக்குப் போகும். சேர்ந்த சூடு வெளியேற இரவில் 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். அதிகாலை 3 மணிக்கு ஏற்றினால் 8 மணிக்கு இறக்கிவிடலாம். முந்தைய இரவு புழுக்கமாக இருந்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

கிளம்பும் முன் பால் கறந்துவிடுங்கள். அடர்தீவனம் வேண்டாம், செரிமானமே உடலுக்குள் சூட்டைக் கூட்டும். இளம்பசும்புல் தின்றால் சாணம் இளகித் தளம் வழுக்கும் என்பதால் காய்ந்த புல் கொஞ்சம் போதும். தண்ணீரை மட்டும் ஏற்றும் நிமிடம் வரை தடுக்காதீர்கள். அடித்து விரட்டி ஏற்றினால் மாடு ஏறும்போதே மூச்சிரைக்கத் தொடங்கும்.

தார்ப்பாய் மேலே மட்டும் இருக்கட்டும், பக்கங்களை மூடக் கூடாது. தளத்தில் ஈர மணல் பரப்புங்கள். வழக்கமாகப் பத்து மாடு ஏறும் வண்டியில் கோடையில் எட்டுதான் ஏற வேண்டும்.

பெரும்பாலும் உயிர் போவது ஓடும் வண்டியில் அல்ல, நிற்கும் வண்டியில்தான். காற்றோட்டம் நின்றதும் மாடுகளின் உடல் சூடும் மூச்சின் ஈரமும் உள்ளேயே தேங்கிவிடும். டீசலை முன்பே நிரப்புங்கள். ஓட்டுநர் சாப்பாட்டையும் ஏற்றும் முன்பே முடிக்கட்டும். நிறுத்தியே ஆக வேண்டுமானால் நிழலில், காற்று பக்கவாட்டில் நுழையும்படி நிறுத்துங்கள்.

கேள்வி: வழியில் தண்ணீர் தெளிப்பது நல்லதா?

பதில்: தோல் வரை நனையும்படி ஊற்றி, உடனே வண்டியை நகர்த்தினால் நல்லது. நின்ற வண்டியில் பனிபோல மெல்லிய தெளிப்பு தெளித்தால் ரோமம் மட்டும் ஈரமாகும், உள்ளே புழுக்கம் இன்னும் கூடும்.

கேள்வி: இறக்கும்போது மாடு வாயைத் திறந்து இரைத்தால்?

பதில்: நாக்கு வெளியே தொங்கி, எச்சில் வழிந்தால் அது அவசர நிலை. மருத்துவரை அழைத்துவிட்டு, நிழலில் நிறுத்தி உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள், இயல்பு 38.5 டிகிரி செல்சியஸ் அளவு. 39.5க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள். வாயில் தண்ணீரைப் புகட்டவே கூடாது, இரைக்கும் மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும். வாளியை முன்னால் வையுங்கள், தானாகக் குடிக்கட்டும்.