முதன்முறையாகப் பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போகிறோம். நால்வரில் ஒருவருக்குத்தான் சறுக்கத் தெரியும். எந்த ரிசார்ட்டைத் தேர்ந்தெடுப்பது?

சறுக்கத் தெரிந்த அந்த ஒருவரிடம் மட்டும் தேர்ந்தெடுக்கும் வேலையை ஒப்படைத்துவிடாதீர்கள். நாங்கள் ஒப்படைத்தோம், அனுபவித்தோம்.

எங்கள் நண்பர் பார்த்தது ஒரே ஒரு எண்ணைத்தான்: மொத்தம் எத்தனை கிலோமீட்டர் சறுக்குப் பாதை. எண் பெரிதாக இருந்ததும் பதிவு செய்துவிட்டார். கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவு ஊருக்குள் இல்லை, கோண்டோலா என்ற கம்பிவடப் பெட்டியில் ஏறி மேலே போக வேண்டும் என்பது போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் காற்று பலமாக அடித்ததால் கோண்டோலாவை நிறுத்திவிட்டார்கள். அன்று முழுக்க அறைக்குள் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே போக முடிந்த நாட்களிலும், ஊருக்கு இறங்கும் ஒரே பாதை சிவப்பு, அதாவது நடுத்தரக் கடினம். புதியவர்களால் முடியாது. மாலையில் கோண்டோலா வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுதான் கீழே வந்தோம். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருந்த அந்த மலையில் நாங்கள் மூவரும் வாரம் முழுக்கச் சறுக்கியது இருநூறு மீட்டர் சரிவு ஒன்றில்.

அதனால் முதலில் ரிசார்ட்டின் பாதை வரைபடத்தைத் திறந்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். கற்றுக்கொள்ளும் சரிவு எங்கே இருக்கிறது? அங்கே மேஜிக் கார்பெட் உண்டா? அங்கிருந்து ஊர்வரை எளிதான நீலப் பாதை வருகிறதா? மேஜிக் கார்பெட் என்பது தரையோடு நகரும் பெல்ட், சும்மா நின்றால் போதும், மேலே கொண்டுபோய் விடும். அது இல்லாத இடத்தில் கம்பியில் தொங்கும் வட்டத் தட்டைக் கால்களுக்கு நடுவே வைத்து, இழுபட்டபடி ஏற வேண்டும். தட்டைப் பார்த்தால் உட்காரத்தான் தோன்றும். உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன். பின்னால் வந்த இருவரும் என்மேல் விழுந்தார்கள்.

நிறங்களை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். ஐரோப்பாவில் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். ஒரு மலையின் நீலமும் இன்னொரு மலையின் நீலமும் ஒரே செங்குத்தாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

அடுத்தது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும், அதனால் உயரமான ஊரில் பனி நிலைக்கும். ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூஹல் ஊர் 800 மீட்டரைக்கூடத் தொடாது. பிரான்ஸின் வால் தோரான்ஸ் சுமார் 2,300 மீட்டரில் இருக்கிறது. டிசம்பர் தொடக்கத்திலோ ஏப்ரலிலோ போவதென்றால் இந்த வித்தியாசம் பெரிது. செயற்கைப் பனி தூவும் இயந்திரம் இருக்கிறதே என்பார்கள். குளிர் போதாவிட்டால் அதுவும் வேலை செய்யாது. ஆனால் உயரம் இருந்தால் எல்லாம் சரி என்றும் இல்லை. மரமே வளராத உயரத்தில் பனி பெய்யும்போது தரையும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும், சரிவு எந்தப் பக்கம் என்றே தெரியாது. மரங்களுக்கு நடுவே பாதைகள் உள்ள இடத்தில் அந்த நாட்களிலும் தட்டுத்தடுமாறிச் சறுக்கலாம். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். காஷ்மீரின் குல்மார்க் ஊரே சுமார் 2,650 மீட்டரில் இருக்கிறது. அங்கே கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்கு ஏற்றிவிடும். அது உங்கள் நண்பருக்கு. நீங்கள் மூவரும் கீழே உள்ள மென்சரிவில் பழகுங்கள்.

பெயரைக் கேட்டும் மயங்க வேண்டாம். பிரான்ஸின் ஷாமோனி 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர், ஆனால் அதன் சறுக்குப் பகுதிகள் பள்ளத்தாக்கு நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பஸ்தான்.

தங்குமிடம் லிஃப்ட்டுக்கு, அதாவது மலைமேல் ஏற்றிவிடும் கோண்டோலா போன்றவற்றுக்கு, எவ்வளவு பக்கம் என்பதைக் கறாராகப் பாருங்கள். விளம்பரத்தில் “லிஃப்ட் 400 மீட்டர்” என்று இருக்கும், அது ஏற்றமா இறக்கமா என்று இருக்காது. ஸ்கீ பூட்ஸில் நடப்பது இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு நடப்பது மாதிரி, தோளில் ஸ்கீ பலகைகள் வேறு. லிஃப்ட் வாசலிலேயே பூட்ஸ் வைக்கும் லாக்கர் இருந்தால் தூரத்தைச் சகித்துக்கொள்ளலாம்.

ஐரோப்பா என்றால் பிப்ரவரிப் பள்ளி விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். புத்தாண்டு முடிந்த ஜனவரி வாரங்களில் கூட்டம் குறைவு. முதல் நாளே முழுப் பகுதிக்கான லிஃப்ட் பாஸ் வாங்காதீர்கள், பல இடங்களில் கற்றுக்கொள்பவர்களுக்கென்று தனி டிக்கெட் உண்டு. காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு இருக்கிறதா, பாதைக்கு வெளியே சறுக்கினாலும் செல்லுமா என்று நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை போகும்போது நானே ஐந்தாறு ஸ்கீ பள்ளிகளுக்கு ஒரே கேள்வியை எழுதினேன்: காற்றடித்து லிஃப்ட் நின்றுவிட்டால் முதல் நாள் வகுப்பை எங்கே நடத்துவீர்கள்? சிலர் சிற்றேட்டை அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் ஒரே வரியில், “எப்போதும் நடத்தும் இடத்தில்தான், தேவாலயத்துக்குப் பின்னால்” என்று எழுதியிருந்தார். அங்கேதான் போனோம்.