டைனோசர் எலும்பும் ஆதிகால பாலூட்டி பல்லும் கெடச்ச இடம் நம்ம பக்கம் இருக்கா?

டைனோசர் எலும்பு கெடச்ச இடம் இருக்குங்க, பாலூட்டிப் பல்லு கெடச்சது கோதாவரிப் பக்கம். எனக்கு திருவையாறு, அதனால நம்ம பக்கத்துலேர்ந்தே சொல்றேன். திருமானூர் பாலத்துல கொள்ளிடம் தாண்டுற வரைக்கும் வண்டலும் வாழையும்தான், தாண்டி கீழப்பழுவூர் போறதுக்குள்ள மண்ணு செவந்துடும், அப்புறம் அரியலூர் வரைக்கும் சிமெண்ட் லாரிதான். அந்த சிமெண்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல்லு பழைய கடல் போட்டுட்டுப் போனது.

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுல ஒரு டைனோசர் எலும்பு எடுத்தாங்க, 1987ல அதுக்கு பேரு வச்சாங்க. ப்ரூஹத்காயோசாரஸ், அதாவது பெரிய உடம்புக்காரன். கால் எலும்பு ஒண்ணு மட்டுமே 2 மீட்டர், நம்ம வீட்டு நெலவாசல் உசரம்னு வச்சுக்கங்க! மொதல்ல கறி திங்குற வகைன்னு எழுதுனாங்க, பின்னாடிதான் நீளக் கழுத்து தழை திங்குற வகைன்னு முடிவாச்சு. ஆனா இன்னைக்கு அந்த எலும்பே இல்ல. களிமண்ணுக்குள்ள ஊறிக் கெடந்தது, உதுந்தே போச்சு, மிஞ்சுனது படமும் போட்டோவும்தான். இத படிச்சப்ப எனக்கு மனசே ஆறல.

கோதாவரிக் கரைக்காரங்க அந்த விஷயத்துல குடுத்து வச்சவங்க. அங்க கோட்டாங்குற பாறை அடுக்குல கெடச்ச பாராபாசாரஸ்ங்குற டைனோசர் கொல்கத்தா இந்திய புள்ளியியல் நிறுவனத்துல எலும்புக்கூடா நிக்குது, கோட்டாசாரஸ்ங்குற இன்னொண்ணு ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்துல நிக்குது. நீங்க கேட்ட ஆதிகால பாலூட்டியும் அதே பாறைலதான், 1981ல பேரு வச்ச கோட்டாதீரியம். எலி அளவு பிராணிங்க, பல்லு மட்டும்தான் கெடைக்கும். இந்த மாதிரி பல்லு தேடுறவங்க மூட்டை மூட்டையா மண்ண தண்ணில கரைச்சு, அரிசி களையற மாதிரி சல்லடைல அலசி, அடில தங்குறத மைக்ராஸ்கோப்ல ஒண்ணொண்ணா பாப்பாங்க. எவ்ளோ பொறுமை வேணும்!

நம்ம பக்கம் கண்ணுல படுறது பெரும்பாலும் கடல் பிராணிதான். பெரம்பலூர் பக்கம் காரைல ஓடை அரிச்ச மேடு பூரா அம்மோனைட், ஆட்டுக்கெடா கொம்பு மாதிரி சுருண்ட கல்லு, வரிய வெரலால தடவிப் பாத்தா ஒவ்வொண்ணும் தனியா தெரியும், நடுநடுவுல ஜிப்சம் வேற கண்ணாடி மாதிரி மின்னும். 2020ல குன்னத்துல உருண்டைக் கல்லு கெடச்சு டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்அப்ல பறந்துச்சே, அது முட்டை இல்ல, கடல்ல உருவான கல் உருண்டை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர்ல கல்லா மாறிப்போன மரம் ஒண்ணு இருக்கு, 18 மீட்டர் நீளம், அதயும் விடாதீங்க.

இன்னொண்ணு, இந்த கடல் பாறை கொள்ளிடத்தோட நின்னுடல. நம்ம வயலுக்கு அடில ரொம்ப ஆழத்துல தொடருது, எண்ணெய் கிணறு போட்டப்ப தெரிஞ்சது, அதுல ஒரு அடுக்குக்கு நன்னிலம்னே பேரு வச்சிருக்காங்க. நன்னிலத்து நெல்லு வயல்ல நின்னா யாருக்கு தோணும் கீழ கடல் இருக்குன்னு!

போறதா இருந்தா மொதல்ல அரியலூர் பக்கம் வாரணவாசில இருக்குற புதைபடிவ அருங்காட்சியகம் பாத்துட்டு காரைக்குப் போங்க. தண்ணி எடுத்துட்டுப் போங்க, நெழலே கெடையாது, மழை நாள்ல களிமண்ணு வழுக்கும். தயவுசெஞ்சு கல்ல எடுத்து பையில போட்டுக்காதீங்க, போட்டோ எடுத்துட்டு கெடந்த எடத்துலயே வச்சுடுங்க, எந்த அடுக்குல கெடந்துச்சுன்னு தெரிஞ்சாதான் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அதால பிரயோஜனம்.