அம்மா கொடுத்தனுப்பிய 60,000

தம்பி, கிளாஸ்கோ வந்து ஆறு வாரம், கால் மூட்டு வலிக்கிறது, அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைக் குடிக்கலாமா, இல்லை இங்கே கடையில் விற்கும் 10 மைக்ரோகிராம் மாத்திரை போதுமா என்று கேட்டிருந்தீர்கள். கடை மாத்திரையை இன்றே தொடங்குங்கள். பாக்கெட்டைப் பிரிக்க வேண்டாம்.

10 என்றதும் கொஞ்சம்தானே என்று தோன்றும். இங்கே டப்பாவில் மைக்ரோகிராம் கணக்கு, ஊரில் யூனிட் கணக்கு. 1 மைக்ரோகிராம் என்றால் 40 யூனிட். அப்படிப் பார்த்தால் அம்மா கொடுத்த ஒரே பாக்கெட்டில் 1,500 மைக்ரோகிராம். கடை மாத்திரையை 150 நாள் சாப்பிட்டதற்குச் சமம். ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தவர்களுக்கு வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் என்று டாக்டர் எழுதித் தருவது அது.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் அந்தச் சில வாரத்தோடு நிறுத்தாமல் ஒரு வருஷத்துக்கு மேல் குடித்தார். ஊரிலிருந்து யார் வந்தாலும் பத்து பாக்கெட் வாங்கிவரச் சொல்வார். அப்புறம் தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல். ரத்தத்தில் கால்சியம் ஏறிக் கிடந்தது. வைட்டமின் சி அதிகமானால் சிறுநீரில் போய்விடும். டி அப்படிப் போகாது, உடம்புக் கொழுப்பில் தங்கிவிடும். டாக்டர் சொல்லாமல் பெரியவர்கள் ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டவே கூடாது. சிறுநீரகக் கல் வந்தவர் என்றால் எந்த அளவானாலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் இங்கே காலை எட்டே முக்காலுக்கு விடிந்து, மாலை நாலுக்குள் இருட்டிவிடும். அந்த வெயிலும் சாய்ந்தே விழுவதால் அக்டோபர் முதல் மார்ச் வரை தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலால் கோடையிலும் பயனில்லை. பிரிட்டனில் எல்லோருக்கும் குளிர்காலத்துக்கு 10 மைக்ரோகிராம் என்கிறார்கள். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோல்காரர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிடுவது நல்லது. ஊரில் வெயிலில் வளர்ந்த உடம்புதானே என்று நான் முதல் இரண்டு குளிர்காலம் விட்டுவிட்டேன். மாடிப்படி ஏறும்போது தொடை கனத்து, கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினேன். ரத்தத்தைச் சோதித்தபோது வைட்டமின் டி அளவு 18 (nmol/L) என்று வந்தது. இங்கே 25-க்குக் கீழே போனால் குறைபாடு. (ஊர் ரிப்போர்ட்டில் ng/mL என்று இருக்கும் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் இங்கத்திய கணக்கு வரும்.)

உங்கள் வலி இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் ஜி.பி.யிடம் (இங்கத்திய குடும்ப டாக்டர்) போய்ப் பாக்கெட்டையும் காட்டுங்கள். மூட்டுவலிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

டி3 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், விலை மலிவானதே போதும். சைவம் என்றால் கேப்சூல் உறையில் ஜெலட்டின் (விலங்கிலிருந்து எடுப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு போடுங்கள். மல்டிவைட்டமினும் சாப்பிட்டால் அதிலுள்ள டி-யையும் கணக்கில் சேருங்கள்.

ஜனவரியில் மனைவியும் கைக்குழந்தையும் வருவதாக எழுதியிருந்தீர்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 8.5 முதல் 10 மைக்ரோகிராம் வரை சொட்டு மருந்தாகக் கொடுக்க வேண்டும். பிராண்டுக்குப் பிராண்டு ஒரு சொட்டின் அளவு மாறும், டப்பாவைப் படித்துவிட்டுக் கொடுங்கள். அவர்கள் வருவதற்குள் அந்த 60,000 பாக்கெட்டுகளை அழிப்பதற்காக இங்குள்ள மருந்துக்கடையில் கொடுத்துவிடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.