மதுரையிலிருந்து சிகாகோ: இணைப்பு விமானம் தவறினால்

கேள்வி: என் அப்பாவும் அம்மாவும் டிசம்பரில் மதுரையிலிருந்து சிகாகோவுக்கு என்னிடம் வருகிறார்கள். மதுரை–சென்னை விமான டிக்கெட்டைத் தனியாக எடுத்துவிட்டேன். சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–சிகாகோ லுஃப்தான்ஸாவில், போக வர ஒரே டிக்கெட். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1 மணி 35 நிமிடம்தான் இடைவெளி. இருவருக்கும் 65 வயது தாண்டிவிட்டது. ஆங்கிலம் பேசத் தயங்குவார்கள். அங்கே விமானம் தவறிவிட்டால் என்ன ஆகும்?

பதில்: நீங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். நாங்கள் கவலைப்படுவது சென்னையை நினைத்து.

ஃபிராங்க்ஃபர்ட்டில் தவறினால், முந்தைய விமானம் தாமதமாக வந்ததுதான் காரணம் என்றால், அவர்களை அடுத்த விமானத்தில் ஏற்றிச் சிகாகோவில் சேர்ப்பது லுஃப்தான்ஸாவின் பொறுப்பு. கூடுதல் பணம் கேட்கக் கூடாது. மதுரை விமானம் தாமதமாகிச் சென்னையில் தவறினால் கதையே வேறு. லுஃப்தான்ஸாவைப் பொறுத்தவரை உங்கள் பெற்றோர் கவுன்டருக்கு வராத பயணிகள். 'நோ ஷோ' என்று பதிவாகிவிட்டால் அந்த டிக்கெட்டில் மீதி உள்ள எல்லாப் பயணமும், ஊர் திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகிவிடும். மதுரை விமானத்தின் நிறுவனமும் சிகாகோ நஷ்டத்தை ஏற்காது. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, முன்னறிவிப்பின்றி ரத்தானால் ஒன்று முதல் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அதிகபட்ச இழப்பீடு 7,500 ரூபாய். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவு என்றால் அந்தத் தொகைதான். புயல், மழை காரணம் என்றால் அதுவும் கிடையாது.

அதுவும் டிசம்பர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலின்போதும் சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ஒரு நல்ல மழை போதும், மாலை விமானங்கள் வரிசையாகத் தள்ளிப்போகும்.

எனவே மதுரை விமானத்தை முதல் நாளுக்கு மாற்றுங்கள், அல்லது ரயிலில் வரச் சொல்லுங்கள். வைகை எக்ஸ்பிரஸில் காலையில் ஏறினால் மதியம் தாம்பரத்தில் இறங்கிவிடலாம். விமான நிலையம் பக்கம்தான். ரயிலில் இன்னொரு வசதியும் உண்டு. சிகாகோ டிக்கெட்டில் பெட்டிக்கு 23 கிலோ வரை அனுமதி. உள்நாட்டு விமானத்தில் தனி டிக்கெட் என்றால் வழக்கமாக 15 கிலோதான். மதுரை கவுன்டரில் கூடுதல் எடைக்குப் பணம் கட்டச் சொல்லும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. விமானத்தில்தான் வருவார்கள் என்றால், சென்னையில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, சர்வதேச முனையத்துக்குப் போய், மறுபடி செக்-இன் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லி வையுங்கள். ஒரே நாளில் வந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு விமானத்துக்கும் நடுவே எட்டு மணி நேரமாவது விடுங்கள்.

தேதியையும் சரிபாருங்கள். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் விமானம் நள்ளிரவு தாண்டிப் புறப்படுவது. டிக்கெட்டில் 15 என்று இருந்தால் 14 இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தி வந்து நிற்பவர்கள் எல்லாச் சீசனிலும் உண்டு.

ஒரே டிக்கெட்தானா என்பதை எப்படி உறுதி செய்வது? ஆறு எழுத்துள்ள பி.என்.ஆர். ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. சில இணையதளங்கள் இரண்டு தனி டிக்கெட்டுகளை ஒரே முன்பதிவு எண்ணில் காட்டும். பார்க்க வேண்டியது 13 இலக்க இ-டிக்கெட் எண். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் வழங்கிய நிறுவனத்தைக் காட்டும்: லுஃப்தான்ஸா 220, ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, கத்தார் ஏர்வேஸ் 157. அப்பாவின் பெயரில் எல்லாப் பயணப் பகுதிக்கும் ஒரே எண் இருந்தால் நீங்கள் பாதுகாப்பான பக்கம் இருக்கிறீர்கள்.

இனி ஃபிராங்க்ஃபர்ட். அங்கே விமானம் மாற வைத்திருக்கும் குறைந்தபட்ச நேரம் 45 நிமிடம். ஆகவே 1 மணி 35 நிமிடம் விதிப்படி சரி; வயதானவர்களுக்கு இறுக்கம். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு அங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனை இருக்கும். நேரம் போவது அந்த வரிசையில்தான். ஊறுகாய், நெய், நல்லெண்ணெய், தொக்கு எல்லாம் அவர்கள் கணக்கில் திரவம். கைப்பையில் ஒரு பாட்டில் இருந்தாலும் பையைத் தனியே எடுத்து வைத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். கால் மணி நேரம் அங்கேயே போய்விடும், பாட்டிலும் போய்விடும். அவற்றைப் பெரிய பெட்டிக்கு மாற்றுங்கள். கைப்பையில் மூன்று நாள் மருந்தும் ஒரு மாற்றுத் துணியும் கட்டாயம் இருக்கட்டும்.

புறப்பாட்டுக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக இருவருக்கும் வீல்சேர் உதவி பதிவு செய்யுங்கள். நடக்க முடிந்தாலும் தூரம் அதிகம், மொழியும் தெரியாது என்பதே போதுமான காரணம். ஆனால் வீல்சேருக்காக எல்லாரும் இறங்கிய பிறகும் காத்திருக்க வேண்டி வரலாம். தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே விமானப் பணிப்பெண்ணிடம் அடுத்த போர்டிங் பாஸைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தாளில் பெரிய ஆங்கில எழுத்தில் பெயர்கள், பி.என்.ஆர்., டிக்கெட் எண், போக வேண்டிய ஊர், உங்கள் தொலைபேசி எண், தமிழ் மட்டும் பேசுவார்கள் என்ற ஒரு வரி ஆகியவற்றை எழுதி, சட்டைப் பையில் ஒன்றும் கைப்பையில் ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள்.

பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது முன்பதிவை ஒருமுறை திறந்து பாருங்கள். நிறுவனமே நேரத்தை மாற்றி இடைவெளியைச் சுருக்கியிருந்தால், பிந்திய சிகாகோ விமானத்துக்குக் கட்டணமின்றி மாற்றிக் கேட்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்–சிகாகோ தடத்தில் கூட்டாளி நிறுவனமான யுனைடெட்டும் பறக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் நேராக இணைப்புப் பயணிகளுக்கான சேவை மேசைக்குப் போகட்டும். வீல்சேர் தள்ளுபவரே கூட்டிப்போவார். அதே நேரத்தில் நீங்கள் சிகாகோவிலிருந்து நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். வரிசை நகர்வதற்குள் தொலைபேசியில் வேலை முடிந்துவிடுவது சகஜம். கூப்பிடுவதற்கு முன் செயலியைப் பாருங்கள். பெரும்பாலும் விமானம் தரையிறங்கும் முன்னரே கணினி வேறு விமானத்தில் இடம் போட்டிருக்கும். டிராவல் ஏஜென்டிடம் எடுத்த டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் தொடங்கிய பிறகு விமான நிறுவனத்திடமே பேசுங்கள்.

பதற்றத்தில் நீங்களே புது டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். பழைய டிக்கெட்டில் அந்தப் பகுதி பயன்படாமல் கிடந்தால் மறுபடியும் நோ ஷோ. திரும்பும் பயணமும் போய்விடும்.

கணினி கொடுக்கும் மாற்று வழியை அப்படியே ஒப்புக்கொள்ளவும் கூடாது. எங்கே காலியிடம் இருக்கிறதோ அங்கே போடுவதுதான் கணினியின் வேலை. விசாவை அது பார்ப்பதில்லை. மியூனிக் வழி என்று போட்டால், ஃபிராங்க்ஃபர்ட்–மியூனிக் ஜெர்மனிக்கு உள்ளே பறக்கும் விமானம். அதில் ஏறக் குடியேற்றச் சோதனையைத் தாண்டி உள்ளே போக வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான விசா) இல்லாமல் அது நடக்காது. சூரிக், வியன்னா வழியும் அப்படித்தான். ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே ஷெங்கன் எல்லைக்குள் நுழைந்தாக வேண்டும். டொராண்டோ வழி என்றால் இந்தியர்களுக்குக் கனடா விசா தேவை. லண்டன் வழி பரவாயில்லை: செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோடு அமெரிக்காவுக்குப் போகிறவர்கள், விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுவதற்குத் தனி விசா வேண்டியதில்லை. தொலைபேசியில் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நேரடியாக அமெரிக்காவில் இறங்கும் விமானம். சிகாகோவில் இடம் இல்லையென்றால் நியூயார்க், வாஷிங்டன் எதுவானாலும் சரி. அங்கே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

புது விமானம் முடிவானதும் இன்னொன்றைக் கட்டாயம் கேளுங்கள்: டிக்கெட் மறுபடி வழங்கப்பட்டுவிட்டதா? முன்பதிவில் புது விமானம் தெரியும், இருக்கை எண் கூடத் தெரியும். ஆனால் இ-டிக்கெட் புது விமானத்தோடு இணைக்கப்படாவிட்டால் வாசலில் போர்டிங் பாஸ் வராது. யுனைடெட் போன்ற வேறு நிறுவனத்துக்கு மாற்றும்போதுதான் இந்தச் சிக்கல் அதிகம். மாற்றிய ஊழியரைத் தொலைபேசியில் பிடித்து வைத்துக்கொண்டே புது இ-டிக்கெட் ரசீதை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். திரும்பும் பயணமும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல் தருவார்கள். ஆனால் ஷெங்கன் விசா இல்லாதவர்கள் ஊருக்குள் இருக்கும் ஹோட்டலுக்குப் போக முடியாது. டிரான்சிட் பகுதிக்குள்ளேயே அறையோ படுக்கையோ ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கூப்பனும், தாமதத்துக்கான எழுத்துபூர்வச் சான்றும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டில் இணைப்பு விமானம் தவறியதற்குப் பணம் கேட்க அந்தச் சான்று தேவை.

பணம் திரும்பக் கிடைக்குமா? ஐரோப்பாவில் 600 யூரோ இழப்பீடு உண்டே என்று பலர் சொல்வார்கள். உங்கள் பெற்றோருக்கு அது பொருந்தாது. புறப்படும் ஊரும் சேரும் ஊரும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து, விமானம் மாறுவது மட்டும் உள்ளே என்றால், ஒரே முன்பதிவில் செய்த பயணத்துக்கு அந்தச் சட்டம் செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்துவிட்டது. சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–பாரிஸ் என்றால் லுஃப்தான்ஸாவிடம் கேட்கலாம். உங்களுக்குப் பொருந்துவது பன்னாட்டு விமானப் பயணத்துக்கான 1999-இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை. அதில் நிலையான தொகை எதுவும் இல்லை; தாமதத்தால் உண்மையில் ஆன செலவைத்தான் கேட்கலாம். உச்சவரம்பு ஒருவருக்கு 6,303 எஸ்.டி.ஆர்.; இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் தர வேண்டியதில்லை. ஆகவே சாப்பாடு, மருந்து, டாக்ஸி என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது வைத்திருங்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம்.

ஆட்கள் வேறு விமானத்தில் வந்தால் பெட்டி அதே விமானத்தில் வருவதில்லை என்பதும் உண்டு. சிகாகோவின் ஓ'ஹேர் விமான நிலையத்தில் பெட்டி வராவிட்டால், அங்கேயே பெட்டிச் சேவை மேசையில் பெட்டி ஒட்டுச் சீட்டின் பத்து இலக்க எண்ணைக் காட்டிப் புகார் பதிந்து, அதன் எண்ணை வாங்கிய பிறகே வெளியே வரச் சொல்லுங்கள். தாமதத்தால் ஆன செலவுக்கான கோரிக்கையைப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் அனுப்ப வேண்டும். பெட்டி உடைந்து வந்தால் 7 நாளுக்குள்.