கிட்ஹப்பில் எடுத்தால் களவா?

போன கிழமை ஒரு அம்மா கோல் எடுத்துக் கேட்டார். கம்பஸில் கடைசி வருடம் படிக்கிற மகன் இன்டர்நெட்டில், கிட்ஹப் என்கிற கோட் பகிரும் தளத்தில, ஆரோ எழுதின கோடை (கணினி நிரலை) எடுத்துத்தான் புரொஜெக்ட் செய்யிறானாம், அது களவு இல்லையோ, நாளைக்கு வேலைக்குப் போற இடத்தில பிரச்சினை வராதோ என்று.

அம்மா, உங்கள் பயம் பாதி சரி. மற்றவர் எழுதிய கோடைத் தொடாமல் இன்றைக்கு ஒரு மென்பொருளும் செய்ய முடியாது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எழுதியவர் என்ன சொல்லித் தந்தார் என்று பார்க்காமல் எடுப்பதுதான் பிழை. அவர் சொன்னதற்குப் பெயர்தான் லைசென்ஸ்.

இனித் தம்பிக்கு. எம்ஐடி லைசென்ஸ் என்றால் தலையிடி இல்லை: எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், எழுதியவரின் பதிப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வரிகளையும் அழிக்காமல் கூடவே வைத்தால் போதும். நீர் வெப்பக்கம் செய்யப் பாவிக்கிற ரியாக்ட் லைப்ரரி (ஆயத்தமான கோட் தொகுப்பு) 2017 முதல் இதில்தான். 2004இல் வந்த அப்பாச்சி 2.0உம் கிட்டத்தட்ட இப்படித்தான், ஆனால் பேடென்ட் (கண்டுபிடிப்புக்கான காப்புரிமை) உரிமையையும் எழுத்தில் தருகிறது, மாற்றிய கோப்பில் மாற்றியதாகக் குறிப்புப் போடவும் சொல்கிறது.

குழப்பம் எல்லாம் ஜிபிஎல் என்ற லைசென்ஸில். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989இல் கொண்டுவந்தது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல் இன்றைக்கும் அதன் 2ஆம் பதிப்பில்தான் இருக்கிறது. ஜிபிஎல் என்றால் காசு வாங்கக்கூடாது என்று பெடியள் நினைக்கிறார்கள், அப்படி இல்லை, தாராளமாக வாங்கலாம். நிபந்தனை வேறு. வேலிக்குக் கதியால் வெட்டித் தந்தவர், "நீ வளர்த்து ஆருக்குக் குடுத்தாலும் அவையும் வெட்டி நடலாம் எண்டு சொல்லித்தான் குடுக்க வேணும்" என்று சொன்னால் எப்படி, அப்படி. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் ஒரு கடைக்கு பில் போடுகிற மென்பொருள் செய்து கொடுக்கிறீர், அதற்குள் ஜிபிஎல் கோட் கலந்திருக்கிறது என்று வையும்: கடைக்காரருக்கு அந்த மென்பொருளின் முழு மூலக் கோடும் கிடைக்க வேண்டும், அவர் அதைப் பக்கத்துக் கடைக்குக் கொடுத்தாலும் நீர் மறிக்க ஏலாது. அதையே உம்முடைய சேர்வரில் வைத்து இணையத்தால் மட்டும் பாவிக்க விட்டால் அந்தக் கடமை வராது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏஜிபிஎல் என்ற இன்னொரு லைசென்ஸ் இருக்கிறது. அதில் நீர் மாற்றிய கோடை இணையத்தில் பாவிப்பவருக்கும் தர வேண்டும்.

அப்புறம், லைசென்ஸே இல்லாத கோட். சும்மா கிடக்கிறது, ஆரும் கேட்க மாட்டார்கள் என்று எடுப்பது இதைத்தான், மாட்டுப்படுவதும் இதில்தான். லைசென்ஸ் இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே. எங்கள் இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்குப் பதிப்புரிமை தருகிறது. கிட்ஹப்பில் பொதுவாகப் போட்டால் மற்றவர் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம் (தங்கள் கிட்ஹப் கணக்கில் ஒரு பிரதி எடுக்கலாம்). உம்முடைய புரொஜெக்ட்டில் கலக்க அது அனுமதி இல்லை. எழுதியவருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளும், கன பேர் சந்தோசமாகத் தருவார்கள்.

நான் வழிகாட்டிய ஒரு பெடியனிடம் நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வியே, "இதில எது உம்முடையது, மற்றது என்ன லைசென்ஸ்?" என்பதுதான். பாவம், முழித்தான். ஆகவே புரொஜெக்ட்டோடு வைக்கிற ரீட்மி என்ற விளக்கக் கோப்பில் எந்த லைப்ரரி, என்ன லைசென்ஸ் என்று எழுதி வையும். உம்முடைய கோடுக்கும் ஒரு லைசென்ஸ் கோப்புப் போடும்.

அம்மா, களவு என்று கேட்டீர்கள் அல்லவா? மகனின் லாப்டாப்பில் கடைக்காரர் கிராக் போட்டு (காசு கட்டாமல் பூட்டை உடைத்து) கொடுத்த விண்டோஸும் ஃபோட்டோஷொப்பும் இருக்கிறதா என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ.