வெயிலைக் காட்டி விற்ற பனிமலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் யூனியன் பசிஃபிக் ரயில் நிறுவனம், சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊருக்காக 1930களில் வெளியிட்ட விளம்பரம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். ஓர் இளைஞன் வெற்றுடம்போடு பனியில் சறுக்குகிறான். குளிர்காலத்தில் மலைக்குப் போகிறவர்களிடம் இப்படி ஒரு படத்தைக் காட்டுவது அப்பட்டமான பொய் அல்லவா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

படம் பொய்தான். நியூயார்க்கில் ஒரு ஸ்டுடியோவுக்குள், பனிக்குப் பதில் பஞ்சைப் பரப்பி, வியர்வை மினுங்குவதற்காக அந்த இளைஞனின் முகத்தில் வாசலைன் தடவி எடுத்த படம் அது. ஆனால் அது சொன்ன செய்தியைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு முன்பு அமெரிக்காவில் குளிர்கால ரயில் விளம்பரம் என்பது பெரும்பாலும் குளிரிலிருந்து தப்பிக்க விடுத்த அழைப்பு. 1888இல் தொடங்கிய ஃபுளோரிடா ஸ்பெஷலும் 1925இல் வந்த ஆரஞ்சு பிளாசம் ஸ்பெஷலும் குளிர்காலத்துக்கென்றே தெற்கு நோக்கி ஓடிய வண்டிகள். பின்னதற்கு ஆரஞ்சுப் பூவின் பெயரே பாதி விளம்பரம். குளிரைத் தேடிப் போகவும் கூட்டம் உண்டு என்பதை, 1931இல் பாஸ்டன் அண்ட் மெய்ன் நிறுவனம் நியூ ஹாம்ப்ஷயருக்கு விட்ட ‘பனி ரயில்’ காட்டியது.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தால் பயணிகள் குறைந்துபோன அந்த ஆண்டுகளில், யூனியன் பசிஃபிக்கின் தலைவர் ஆவரெல் ஹாரிமன் தம் ரயிலுக்கு ஆள் சேர்க்க ஐடஹோ மாநிலத்தின் கெட்சம் அருகே ஒரு பனிச்சறுக்கு ஊரையே எழுப்பத் துணிந்தார். விளம்பரப் பொறுப்பை ஏற்ற ஸ்டீவ் ஹன்னகன், மியாமி பீச்சை நாடறியச் செய்தவர், குளிர் என்றாலே பிடிக்காதவர். வேண்டாவெறுப்பாக அங்கே போய்ப் பனியில் நடந்தவருக்கு, வெயில் ஏற ஏற வியர்த்துக் கொட்டியது. ‘சன் வேலி’ என்ற பெயரும், ‘கோடை வெயிலில் குளிர்கால விளையாட்டு’ என்ற வாசகமும் அந்த அனுபவத்தின் விளைவுதான். ஏறத்தாழ 6000 அடி உயரத்தில், வறண்ட காற்றில், பனிக்கு நடுவே அங்கு பகல் வெயில் உண்மையிலேயே உறைக்கும்.

என்னைக் கவர்வது இதற்குப் பிறகு நடந்ததுதான். விளம்பரம் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ஊர் கட்டப்பட்டது. திறந்தவெளியில் வெந்நீர் நீச்சல்குளம் வந்தது. பனியில் கால் புதையச் சரிவேற யாரும் விரும்பமாட்டார்கள், இயந்திரம்தான் மேலே கொண்டுசெல்ல வேண்டும் என்று ஹன்னகன் வற்புறுத்தினார். வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டிக் கப்பலேற்றும் பொறியை அறிந்திருந்த ரயில்வேப் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கொக்கி இருந்த இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார். 1936 டிசம்பர் 21 அன்று சன் வேலி திறந்தபோது, உலகின் முதல் பனிச்சறுக்கு நாற்காலித் தூக்கிகள் அங்கே தயாராக இருந்தன.